ஞாயிற்றொளியும் மின்னொளியும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பயிர் வரலாறு

வெயில் காணாத நாட்டார் விளக்கேற்றிச் செடி வளர்க்கின்றனர் என்றால் அதில் வியப்பில்லை. குளிர் நாடுகளில் ஆண்டின் பாதி நாள்கள் பகல் சுருங்கி, வானம் இருண்டு கிடக்கும். ஆனால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை அளவிலேயே அமைந்திருக்கும் கோலாலம்பூரில், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் பகல் நிலவும் நகரில், ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் விளக்கைத் தொங்கவிட்டு அதன்கீழ்க் கீரை வளர்ப்பது விந்தையன்றோ? இன்று பிரிக்பீல்ட்சின் உயர்ந்த அடுக்ககங்களிலும் கிள்ளானின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளிலும் அவ்விந்தை உண்மையாகி வருகிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், அது வெறும் வீட்டு அலங்காரத்தோடு நின்றுவிடுவதில்லை. இந்நாட்டுத் தமிழர் வாழ்வு எங்குத் தொடங்கி எங்கு வந்து சேர்ந்தது என்பதையும் அது காட்டுகிறது.

முளைப்பாரி கற்பித்த பாடம்

ஒளிக்கும் பயிருக்கும் உள்ள உறவைத் தமிழர் நூல்வழி அறியுமுன்பே பழக்கத்தால் அறிந்திருந்தனர். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கும் பெண்கள், தானியங்களை ஓட்டிலோ கூடையிலோ விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைப்பர். ஒளி காணாத முளை, ஒளியைத் தேடி விரைந்து நீளும். பச்சை பிடிக்காமல் வெளிர் மஞ்சளாகத் தளதளவென நிற்கும். இன்றைய தாவர நூலார் இதனை ஒளியின்மையால் விளையும் வெளிறல் என்பர். ஒளி இல்லாவிடில் பச்சையம் உருவாகாது. தண்டு மட்டும் விதையில் சேர்த்து வைத்த உணவைச் செலவிட்டு உயரும். அவ்வுணவு தீர்ந்ததும் செடி மடியும். முளைப்பாரி சில நாள்களே நிற்கவேண்டிய வழிபாட்டுப் பொருளாகையால் அதற்கு இவ்வளவு போதும். ஆனால், கூடத்தின் மூலையில் வைத்த துளசி நீண்டு மெலிந்து வெளிறும்போது, அதுவும் முளைப்பாரியின் நிலையையே அடைகிறது. அழகாக உயர்கிறது என எண்ணி மகிழ்வோர், உண்மையில் அதன் பசியைக் கண்டு மகிழ்கின்றனர்.

மேலைநாட்டில் இவ்வுண்மை ஆய்வு வழியே படிப்படியாக வெளிப்பட்டது. 1771இல் சோசப்பு பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி மீண்டும் செம்மைப்படுத்துவதைக் கண்டார். 1779இல் இங்கன்ஹவுசு, அச்செயல் ஒளியில் மட்டுமே நிகழும் என நிறுவினார். 1882இல் எங்கல்மன் என்னும் செருமானிய அறிஞர், ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பாசியின்மீது பாய்ச்சி, சிவப்பிலும் நீலத்திலுமே உயிர்க்காற்று மிகுதியாக வெளிப்படுவதைக் காட்டினார். கல்கத்தாவில் ஆய்ந்த சகதீச சந்திர போசு, நீர்ச்செடி வெளிவிடும் குமிழிகளைத் தாமாகவே பதிவுசெய்யும் கருவியை அமைத்து, 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனி நூலே வெளியிட்டார். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, பின்னர் அயோடின் இட்டு மாவுப்பொருளைச் சோதிக்கும் பள்ளிப் பயிற்சி, இவ்வறிஞர் வரிசையின் எளிய தொடர்ச்சியே ஆகும்.

கண்ணாடிப் பேழையில் வந்த பால்மரம்

செடியை வீட்டுக்குள் வளர்க்கும் கலைக்கும் மலாயாத் தமிழர் வரலாற்றுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. 1829ஆம் ஆண்டளவில் இலண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் தானாகவே முளைத்து வளர்ந்த பெரணியைக் கண்டார். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. கண்ணாடி வழியே ஒளி புகுந்தது. அவ்வளவில் செடி வாழ்ந்தது. இதனைக் கொண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பேழைகள் 1833இல் சிட்னிக்குக் கப்பலேறின. அதற்குமுன் கடல்வழி கொண்டுசெல்லப்பட்ட செடிகள் உப்புக் காற்றாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் பெரும்பாலும் மடிந்தன. பேழையைக் கப்பலின் மேல்தளத்தில் வைத்தல் இன்றியமையாததாயிற்று. இருண்ட அடித்தளத்தில் வைத்தால் கண்ணாடி இருந்தும் பயனில்லை.

1876இல் என்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் 3,000க்கும் குறைவானவையே முளைத்தன. அக்கன்றுகளில் பெரும்பகுதி இத்தகைய கண்ணாடிப் பேழைகளில் இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற என்றி ரிட்லி, மரத்துக்குக் கேடின்றிப் பால் வடிக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரரிடம் ரப்பரைப் பரப்பினார். 1890களில் சிலாங்கூரிலும் மலாக்காவிலும் வணிக அளவில் நடவு தொடங்கியது. 1886இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் – கிள்ளான் இருப்புப்பாதையும் கிள்ளான் துறையும் தோட்டங்கள் பெருக வழிவகுத்தன. தோட்டங்கள் பெருகவே, தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் மக்கள் கப்பலேறி வந்தனர். கண்ணாடிக்குள் ஒளி வாங்கிப் பிழைத்த சில கன்றுகள் ஒரு மக்கட் கூட்டத்தின் ஊரையே மாற்றின எனின் மிகையாகாது.

தோட்டத்தில் வேலை செய்தோர் ஒளியின் கணக்கை உழைப்பால் அறிந்தனர். ரப்பர்க் கன்று சிறிதாக இருக்கும்வரை வரிசைகளுக்கு இடையே வெயில் விழும், களை செழிக்கும். அதனை அடக்கவும் மண்ணைக் காக்கவும் படர்கொடிப் பயறினங்களை விதைப்பர். மரங்கள் வளர்ந்து கிளைகள் கூடியதும் நிழல் கவியும். மூடுபயிர் தானாகவே மெலிந்து மறையும். ஆனால், லயத்து வீட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த சிறு நிலம் வேறு. அங்கு வெயில் தடையின்றி விழுந்தது. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மருதாணி, செம்பருத்தி, பசலை, வல்லாரை, துளசி, வெற்றிலைக் கொடி என அந்நிலம் சமையற்கும் மருந்துக்கும் வழிபாட்டுக்கும் உதவியது. கூலி குறைவாக இருந்த காலத்தில் குடும்பத்தின் குழம்புச் சட்டியை நிரப்பியது அத்தோட்டமே. அதற்கு விளக்கும் தேவையில்லை, விலையும் தேவையில்லை.

மின்னொளி வந்த வழி

இந்நாட்டில் மின்னொளி புகுந்த வரலாற்றின் முதற்பக்கத்தில் ஒரு தமிழர் பெயர் இருப்பதை மாணவர் பலர் அறியார். கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் 1873இல் தோன்றக் காரணராகவும், பத்துமலைத் திருத்தலத்தை நிறுவியவராகவும் கா. தம்புசாமி பிள்ளை நினைக்கப்படுகிறார். அவரே, சீன வணிகர் லோக் இயூவுடன் இணைந்து, 1894இல் ரவாங்கில் இருந்த தம் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவினார். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்குக் கிடைக்கும் முதற்பதிவு அதுவே என்பர். சுரங்கத்து நீரை இறைக்க அம்மின்சாரம் உதவியது. 1895இல் கோலாலம்பூர்த் தொடர்வண்டி நிலையம் மின்னொளி பெற்றது. 1900இல் ரவுப் பொற்சுரங்கத்தார் செம்பம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்தனர். 1905ஆம் ஆண்டளவில் உலு கோம்பாக்கின் நீர்மின்சாரம் தலைநகருக்கு வந்தது. தம்புசாமி பிள்ளை அதனைக் காணுமுன்பே 1902இல் மறைந்தார்.

1927இல் பிரிக்பீல்ட்சை அடுத்த பங்சாரில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பத்து ஆராங்கில் 1915 முதல் வெட்டப்பட்ட நிலக்கரி அதற்கு எரிபொருளாயிற்று. நிலக்கரி என்பது பல்லாயிரம் நூற்றாண்டுகளுக்கு முன் தழைத்த காடுகளின் எச்சம். பண்டை இலைகள் பருகிய ஞாயிற்றொளியே விளக்கில் மீண்டும் ஒளிர்ந்தது எனலாம். 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. 1990இல் தெனாகா நேசனல் ஆயிற்று. நகரங்கள் ஒளிபெற்ற பின்னரும் பல தோட்டங்களில் மின்னாக்கி மாலை தொடங்கி இரவில் சில மணி நேரமே இயங்கியது. மண்ணெண்ணெய் விளக்கொளியில் வீட்டுப்பாடம் எழுதிய தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கிறது.

விளக்கின்கீழ்ப் பயிர்

மின்விளக்கு பிறந்த சில ஆண்டுகளிலேயே, அது செடிக்கும் உதவுமா என்ற வினா எழுந்தது. 1880இல் இங்கிலாந்தில் வில்லியம் சீமென்சு, மின்வில் விளக்கின் ஒளியில் செடிகளை வளர்த்துக் காட்டினார். மறைப்பில்லாத வில்லொளி இலைகளைக் கருக்கியது. கண்ணாடி மூடியிட்டபோது அத்தீங்கு நீங்கியது. புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்ததே அதன் காரணம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெய்லி என்பார் 1891இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒளியில் கீரை இனங்களுள் ஒன்று செழிப்பதும், மற்றொன்று காலத்துக்கு முன்னரே பூத்து விதையாவதும் கூறப்பட்டன.

அவ்வேறுபாட்டின் மறைபொருளை 1920இல் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் விளக்கினர். கோடையில் பூக்க மறுத்த ஒரு புகையிலை வகையை நாள்தோறும் இருட்டறைக்குள் நகர்த்திப் பகலைச் சுருக்கினர், அது பூத்தது. எவ்வளவு ஒளி என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் செடிக்குச் செய்தியாகிறது என அவர்கள் நிறுவினர். கேமரன் மலையில் செவ்வந்தி வளர்ப்போர் இரவில் பந்தல்களில் விளக்கேற்றுவது இதன் அடிப்படையிலேயே ஆகும். செவ்வந்தி நீள் இரவில் மொட்டு விடும் இயல்பினது. நம் நாட்டின் பன்னிரண்டு மணி இரவு அதனைக் குட்டையாக இருக்கும்போதே பூக்கச் செய்துவிடும். இடையே ஒளியூட்டி இரவைக் குறுக்கினால், தண்டு வேண்டிய நீளம் வளரும். பின் விளக்கை நிறுத்தினால் பூக்கும். மலைச்சரிவில் இரவெல்லாம் ஒளிரும் அப்பந்தல்களைக் கண்டோர் பலர். காரணம் அறிந்தோர் சிலரே.

1938இல் விற்பனைக்கு வந்த குழல்விளக்கு, குறைந்த வெப்பத்தில் நிறைந்த ஒளி தந்தமையால் வீட்டுக்குள் செடி வளர்ப்போர்க்கு ஏற்றதாயிற்று. 1962இல் சிவப்பு எல்.இ.டி. தோன்றியது. 1993இல் ஒளிமிக்க நீல எல்.இ.டி. உருவானது, நீல ஒளியைக் கண்ட மூவர்க்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியே இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கு செய்யப்படுகிறது. 2015இல் விண்வெளி நிலையத்தில் இத்தகைய விளக்கொளியில் வளர்ந்த கீரையை விண்வெளி வீரர்கள் உண்டனர்.

லயத்திலிருந்து அடுக்ககத்துக்கு

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாயின. சுங்கை ரெங்கம் தோட்டம் சா ஆலம் ஆயிற்று; சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று; பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர் கையில் சேர்க்கும் நோக்குடன் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், தலைநகரைச் சூழ்ந்த நிலத்தின் விலை உயர உயர, மக்கள் லயங்களை விட்டு வெளியேறினர். புத்ராஜெயாவுக்காக இடம்பெயர்ந்த தோட்டத்துக் குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. இருப்புப்பாதைத் தொழிலாளர் வாழ்ந்த பிரிக்பீல்ட்சிலும் தாழ்ந்த குடியிருப்புகள் மறைந்தன. 2001இல் மத்திய தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் மாடங்கள் எழுந்தன.

இடம்பெயர்ந்தோர் பலர் கறிவேப்பிலைக் கன்றைத் தகரத்தில் வைத்து உடன் கொண்டுசென்றனர். புது வீட்டில் அது வாடியது. நீர் போதவில்லையோ, எரு போதவில்லையோ என ஐயுற்றனர். உண்மைக் குறை ஒளியே. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டில் ஞாயிறு நண்பகலில் ஏறத்தாழ உச்சியில் நிற்கிறது. அவ்வெயில் கூரையின்மீது விழுமேயன்றிப் பலகணி வழியே உள்ளே நுழையாது. மேல்வீட்டுத் தளமே கீழ்வீட்டு மாடத்துக்குக் குடையாகிறது. கிழக்கு, மேற்குப் பலகணிகளில் காலையோ மாலையோ சிறிது நேரம் சாய்வொளி கிடைக்கும். எதிரே மற்றோர் அடுக்ககம் எழுந்தால் அதுவும் போகும். வெயில் மிகுந்த நாட்டின் வீடு வெயில் குறைந்ததாக அமைவதன் காரணம் இதுவே. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி; வெயிலின் அருமை அடுக்ககத்தில் தெரிந்தது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் பலர் செடி வளர்ப்பில் நாட்டம் கொண்டனர். அதனோடு செடி விளக்கு என்னும் பொருளும் கடைகளில் பரவலாயிற்று. விளம்பரம் பெருகிய அளவுக்கு விளக்கம் பெருகவில்லை.

விளக்கைத் தேர்தலும் அமைத்தலும்

விளக்கு வாங்குவோர் முதலில் அறியவேண்டுவது, மனிதக் கண்ணும் இலையும் ஒளியை ஒரே வகையில் அளப்பதில்லை என்பதாகும். லூமென், லக்ஸ் என்னும் அளவுகள் பச்சை ஒளியை மிகுதியாக உணரும் நம் கண்ணுக்காக அமைந்தவை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம் கூடத்து விளக்கொளி 100 முதல் 300 லக்ஸ். கண்மணி சுருங்கியும் விரிந்தும் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால் கூடம் ஒளிமிக்கது என ஏமாறுகிறோம், இலை ஏமாறுவதில்லை. செடிக்குரிய அளவு, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் பயன்தரும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் கணக்கில் கூறுவதாகும். முழுவெயில் ஏறத்தாழ 2,000. கீரை நன்கு வளர 200 அளவில் தேவை. வெள்ளை எல்.இ.டி. ஒளியில், லக்ஸ் எண்ணை 70ஆல் வகுத்தால் இவ்வளவு தோராயமாகக் கிடைக்கும். ஆகவே, கீரைக்கு 14,000 லக்ஸ் வரை வேண்டும். மணிப்பிளாண்ட் போன்ற நிழல் விரும்பும் செடிக்கு 1,000 முதல் 2,000 லக்ஸ் போதும்.

இரண்டாவது, நிறம் பற்றியது. சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்கே சிறந்தது என்னும் கருத்துப் பரவியுள்ளது. மெக்கிரீ என்பார் 1972இல் வெளியிட்ட ஆய்வு, பச்சை ஒளியையும் இலைகள் கணிசமாகப் பயன்படுத்துவதைக் காட்டியது. வெள்ளை விளக்கில் எல்லா நிறங்களும் உள. அதன்கீழ் இலையின் மஞ்சளும் பூச்சி அரிப்பும் கண்ணுக்குத் தெரியும். ஊதா ஒளியில் நோயுற்ற செடியும் நலமுற்ற செடியும் ஒன்றாகவே தோன்றும். வீட்டுக்கு வெள்ளை விளக்கே ஏற்றது.

மூன்றாவது, தொலைவு. சிறு விளக்கிலிருந்து செடி இருமடங்கு தொலைவு சென்றால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். கூரையில் மாட்டிய விளக்கு செடிக்கு உதவாமைக்குக் காரணம் இதுவே. கீரைத் தட்டுக்கு மேலே ஏறத்தாழ ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் உயரத்தில், தட்டின் நீளத்துக்கு இணையான பட்டை விளக்கைத் தொங்கவிடல் நன்று. செடி வளர வளர விளக்கை உயர்த்தும்படி கயிறோ சங்கிலியோ அமைக்க வேண்டும். விளக்கின்கீழ் வைத்த கை சூடுணர்ந்தால் இலையும் சூடுணரும்.

நான்காவது, நேரம். கீரைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். மற்ற வீட்டுச் செடிக்கு 12 மணி நேரம் போதும். நேரங்காட்டி விசை ஒன்று பொருத்தினால் மறதிக்கு இடமில்லை. 20 வாட் விளக்கு நாளும் 14 மணி நேரம் எரிந்தால் திங்களுக்கு 8.4 யூனிட் மின்சாரம் செலவாகும். இறுதியாக, நீரும் மின்சாரமும் பகை. இணைப்பு, தட்டுக்கு மேலே இருத்தல் வேண்டும். கம்பி, விசைக்குச் செல்லுமுன் ஒரு முறை தாழ்ந்து வளைந்து சென்றால் வழியும் நீர் விசையை அடையாது.

இவ்வளவும் செய்தாலும் விளக்கின் எல்லையை உணர்தல் வேண்டும். நாற்றும் கீரையும் வல்லாரையும் விளக்கொளியில் வளரும். முருங்கையும் கறிவேப்பிலையும் முழுவெயிலை நாடும் மரங்கள். அவற்றுக்கு மாடத்தின் வெயில் விழும் ஓரமோ, அடுக்ககத்தின் பொதுநிலமோ வேண்டும். அடுக்ககங்களைச் சூழ்ந்த பொதுநிலத்தில் ஒரு கறிவேப்பிலை மரத்துக்கு இடம் கேட்பது சிறு கோரிக்கையே. ஆனால், முன்பு லயத்து முற்றத்தில் கேளாமலே கிடைத்தது அது.

முடிவுரை

ரவாங்கில் மின்னாக்கியை நிறுவிய தமிழரும், லயத்து முற்றத்தில் கீரை விதைத்த தமிழரும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். ஒருவர் செல்வத்தால் ஒளியை வாங்கினார். மற்றவர்க்கு ஞாயிறு வழங்கியது. இன்று அவ்விருவர் வழித்தோன்றல்களும் ஒரே அடுக்ககத்தில் வாழ்கின்றனர். இருவர்க்கும் வெயில் அரிதாகிவிட்டது. பள்ளியின் அறிவியல் அறையில் இரு கீரைத் தட்டுகளை வைத்து, ஒன்றைச் சாளரத்தருகிலும் ஒன்றை விளக்கின்கீழும் வளர்த்து, மூன்று வாரம் அளந்து எழுதும் மாணவர், ஒளிச்சேர்க்கையைப் பாடமாகப் படிப்பதோடு நில்லார். தம் பாட்டியின் முற்றத்தில் செழித்தது தம் வீட்டில் ஏன் வாடியது என்பதையும் அவர் அறிவார். அதனை அறிந்த மாணவர், வாடும் செடிக்கு மேலும் நீர் ஊற்றமாட்டார். அதனை ஒளியை நோக்கி நகர்த்துவார்.